போயா நாளில் கூடிய கூட்டம்

அனுஷியா பத்தொன்பது வருடமாகக் கூட்டங்களை எழுதிவந்தாள். அவற்றில் பாதிக்கு மேல் நடக்காத கூட்டங்கள். அதைக் குற்றமென்று யாரும் நினைத்ததில்லை, அவளும் நினைத்ததில்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த அலுவலகம், அந்தக் கந்தோர். வாசலில் ‘கம்பனிச் செயலாளர்கள்’ என்று பித்தளைப் பலகை. ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு செயலாளர் இருக்க வேண்டும், பணிப்பாளர் சபை கூடினால் கூட்டறிக்கை எழுத வேண்டும், அதில் தலைவர் கையெழுத்திட்டுப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்றெல்லாம் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வதைச் செய்ய நேரமில்லாத நூற்றுநாற்பது கம்பனிகளுக்காக அவள் முதலாளி ஸவாஹிரின் கந்தோர் அதைச் செய்துகொடுத்தது.

பணிப்பாளர் சபை என்றதும் நீள மேசையும் கோட்டுப் போட்ட மனிதர்களும் ஞாபகத்துக்கு வரலாம். பெரும்பாலும் அது ஒரு புருஷன், ஒரு பெண்சாதி, பெண்சாதியின் தம்பி. காலையில் இடியப்பம் சாப்பிடும்போது கதைத்து முடித்த காரியத்தை மூன்று மாதம் கழித்து ஸவாஹிருக்குத் தொலைபேசியில் சொல்வார்கள். அவர் அனுஷியாவிடம் சொல்வார். அவள் உடனே, “பணிப்பாளர் சபை பதிவு அலுவலகத்தில் கூடியது. கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை இருந்தது. தலைவர் அனைவரையும் வரவேற்றார்” என்று ஆங்கிலத்தில் தட்டத் தொடங்குவாள். தன் பெண்சாதியையும் மச்சானையும் வரவேற்றாராம் அந்த மகா தலைவர்.

திகதி போடுவதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கம்பனிக்கு முதல் திங்கள், இன்னொன்றுக்குக் கடைசி வெள்ளி, மற்றொன்றுக்கு இரண்டாம் வியாழன் என்று எந்தக் காலத்திலோ முடிவாகியிருந்தது. அந்த நாளுக்கு என்ன திகதி வருகிறதோ அதைக் கணினி தானே போட்டுவிடும். சுவரில் கலண்டர் தொங்கியது, ஆனால் பழைய கூட்டத்துக்குத் திகதி போடும்போது அதை யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை. நடக்காத கூட்டம் எந்த நாளில் நடக்காவிட்டால் என்ன?

இன்னொரு வழக்கமும் உண்டு. வெளிநாடு போகும் பணிப்பாளர்கள் வெறும் வெள்ளைத்தாள்களின் அடியில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவசரத்துக்கு மேலே தட்டச்சு செய்துகொள்ளலாம். அந்தத் தாள்கள் ஒரு மண்ணிறக் கோப்பில் இருந்தன. எட்டு வருடத்துக்கு முன்னே அம்மாவுக்கு நோய் முற்றி அனுஷியா இரண்டு மாதம் மலைநாட்டு ஊருக்குப் போனபோது, உதவிச் செயலாளர் என்ற முறையில் அவளும் பத்துத் தாளில் கையெழுத்திட்டு வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபின் அவற்றை ஒருநாளும் திருப்பிக் கேட்கவில்லை. ஸவாஹிரிடம் அப்படிக் கேட்பது மரியாதையில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ஏனென்றால் ஸவாஹிர் அவளை ஆளாக்கியவர். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, பதினேழு வயதில் புடவைக்கடை வேலைக்குக் கொழும்பு வந்தவள் அவள். மாலையில் தட்டச்சுப் படித்தாள், பிறகு ஆங்கிலம், பிறகு கம்பனிச் சட்டத்தில் ஒரு சின்னப் பரீட்சை. ஆறு கந்தோர்கள் ஊர்ப்பெயரைக் கேட்டதும் அறிவிப்பதாகச் சொல்லி அனுப்பின. ஏழாவது கந்தோரில் ஸவாஹிர் ஊரைக் கேட்கவில்லை. இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தச் சொன்னார், திருத்தினாள், நாளைக்கு வாங்க என்றார். அந்த நன்றி அவள் நெஞ்சில் அப்படியே இருந்தது. இப்போது நாற்பத்துமூன்று வயது. கல்யாணம் கூடிவரவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையும் சமைக்கக் குசினியுமாக வாடகைக்கு இருந்தாள்.

அதே வளவின் பின்பக்கத்தில்தான் சுடலைமுத்துவும் மயிலம்மாவும் குடியிருந்தார்கள். இரண்டு பேரும் அவளுடைய தோட்டத்து ஆட்கள். உறவில்லை, ஆனால் உறவைவிட நெருக்கம். சுடலைமுத்து இரத்மலானையில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் குளோரின் பகுதியில் வேலை செய்தார். கையுறைகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அவற்றைக் குளோரின் தண்ணீரில் கழுவுவார்கள். அந்தக் குழாய்களைத் திறப்பதும் பூட்டுவதும் அவர் வேலை. வேலைத்தளத்தில் அவருக்குப் பதவிப்பெயர் எதுவும் இல்லை. வால்வுக்காரன் என்பார்கள்.

போயா என்னும் பௌர்ணமி விடுமுறை வந்தால் அவருக்குச் சும்மா இருக்க முடியாது. வளவில் யார் வீட்டில் எது ஒழுகினாலும் திருத்திக் கொடுப்பார். போன ஜூலையில் ஒரு போயாவன்று அனுஷியாவின் குசினிக் குழாயைக் கழற்றி உள்ளே புது ரப்பர் போட்டார். மயிலம்மா பூண்டு உரித்துக்கொண்டு தொலைக்காட்சியில் கதிர்காமத்துப் பெரஹரா ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து கை துடைக்கும்போது சுடலைமுத்து சிரித்துக்கொண்டே, “ஒன் வீட்டுக் குழாய்க்கு மருந்து போட்டாச்சு தங்கச்சி. பெக்டரியில இருக்க வால்வுக்குத்தான் மூணு தரம் எழுதிக் குடுத்தும் ஒருத்தனும் காதுல வாங்கல” என்றார். அவளும் சிரித்தாள். தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவ்வளவுதான் அன்று நடந்தது.

நவம்பரில் அந்த வால்வு விட்டுப்போய்க் குளோரின் வாயு கசிந்தது. உள்ளே இரண்டு பெண்கள் மாட்டிக்கொண்டார்கள். சுடலைமுத்து ஈரச்சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போய், அவர்களை வெளியே தள்ளிவிட்டு, வால்வைக் கையால் திருகப் பார்த்தார். பெண்கள் பிழைத்தார்கள். அவரை மறுநாள் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்தபோது பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள்.

இது கொழும்பில் இரண்டு நாள் பத்திரிகைச் செய்தி. ஆனால் செய்தி வேறு வழியில் கடல் தாண்டிவிட்டது. நுகேகொடையில் தாரிகா என்றொரு சிங்களப் பெண் ஒரு சின்னத் தொழிலாளர் அமைப்பை நடத்திவந்தாள். அந்த அமைப்பு பல நாடுகளில் இருக்கும் இப்படியான அமைப்புகளோடு கைகோத்தது. கையுறைகளை வாங்குகிற பெரிய கம்பனி ஐரோப்பாவில் இருந்தது. அங்கே அதன் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு முன்னால், ஆசிரியர்கள், தாதிமார், மாணவர்கள் என்று பலர் ஆளுக்கொரு பங்கை வாங்கிவைத்துக்கொண்டார்கள். பங்கு வைத்திருப்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டல்லவா? ஒரு வயதான தாதி எழும்பி, கொழும்பில் சுடலைமுத்து என்பவர் எப்படிச் செத்தார், அந்த வால்வைப் பற்றி அங்குள்ள பணிப்பாளர் சபைக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். பெயரை உச்சரிக்க மிகவும் கஷ்டப்பட்டாள். தாரிகா அந்தக் காட்சியைத் தன் தொலைபேசியில் மயிலம்மாவுக்குக் காட்டினாள். பக்கத்தில் இருந்து அனுஷியாவும் பார்த்தாள். உண்மையாகவே நடந்த ஒரு கூட்டத்தை அவள் பார்ப்பது அபூர்வம். அவளுக்கு அழுகை வந்தது.

அந்த அழுகை காய இரண்டு வாரம் ஆகவில்லை. ஸவாஹிர் அவளைக் கூப்பிட்டு, அந்தத் தொழிற்சாலையின் கோப்பை மேசையில் வைத்தார். அந்தக் கம்பனியும் நூற்றுநாற்பதில் ஒன்றுதான். ஐரோப்பாவில் புதுச் சட்டங்கள் வந்திருக்கின்றன, வாங்குகிறவர் தன் சரக்கு எப்படி உற்பத்தியாகிறதென்று விசாரித்தாக வேண்டும், பாதுகாப்பைப் பற்றிப் பணிப்பாளர் சபை கதைத்த கூட்டறிக்கைகளைக் கேட்கிறார்கள் என்றார். போன வருடத்துக்கு நான்கு கூட்டம் போதும். என்ன எழுத வேண்டுமென்று கம்பனிச் சட்டத்தரணி குறிப்பு அனுப்பியிருந்தார். வாங்குகிறவரின் ஓடர் கைவிட்டுப் போனால் அறுநூறு பேர் வீதிக்கு வந்துவிடுவார்கள் என்றும் ஸவாஹிர் சொன்னார். அது பொய்யில்லை. அதனால்தான் அது அவ்வளவு வசதியாக இருந்தது.

மூன்றாவது கூட்டத்தில் ஒரு வரி இருந்தது. பராமரிப்புப் பொறுப்பாளர் அழைப்பின் பேரில் சமுகமளித்து, குளோரின் வால்வைத் தாமே மாற்றிவிட்டதாகச் சபைக்கு அறிவித்தார் என்பது அந்த வரி. அனுஷியாவின் விரல்கள் அந்த இடத்தில் நின்றன. பிறகு, பொறுப்பாளர் என்றால் யாராவது எஞ்சினியராக இருக்கும், சுடலைமுத்து அண்ணனை யார் பொறுப்பாளர் என்று சொன்னார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கம்பனியின் நாள் இரண்டாம் வியாழன். கணினி ஜூலை பத்து என்று போட்டது. அவள் அச்செடுத்து, பக்கத்தின் மூலையில் வழக்கம்போலத் தன் பெயரின் முதலெழுத்துகளை இட்டாள்.

மார்ச் மாதத்தில் ஒரு மாலை மயிலம்மா ஒரு கடிதத்தோடு மாடியேறி வந்தாள். கம்பனி அனுப்பிய ஆங்கிலக் கடிதம். வாசித்துச் சொல்லு தங்கச்சி என்றாள். அனுஷியா வாசித்தாள். மரணமடைந்த திரு. சுடலைமுத்து, பராமரிப்புப் பொறுப்பாளர் என்ற வகையில், ஜூலை பத்தாம் திகதி பணிப்பாளர் சபைக்கு நேரில் வந்து வால்வை மாற்றிவிட்டதாகச் சொன்னார், மாற்றியிருக்கவில்லை, எனவே விபத்துக்கு அவரே பொறுப்பு என்று இருந்தது. தன் கையால் தட்டிய வரியை, அவருடைய பெண்சாதிக்குத் தன் வாயால் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று.

மயிலம்மா அழவில்லை. சுவரிலிருந்த கடைக் கலண்டர் பழையது; போன வருடத்தது; கீழே புதியது தொங்கியது. அவள் எழுந்து போய்ப் பழையதன் தாள்களைப் புரட்டினாள். ஜூலை பத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தது.

“எசல போயா. பெக்டரிக்குப் பூட்டு. அன்னைக்கு இந்தா, இந்தக் குழாயத்தானே மாத்துனாரு? அவரு எங்கிட்டுக் கூட்டத்துக்குப் போறது?”

மயிலம்மா அந்தத் தாளைக் கிழித்து மடித்து மடியில் செருகிக்கொண்டு, நல்லவேளை நீ இருந்தாய் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத் தாரிகாவைப் பார்க்கப் போனாள். அந்தக் கையை அனுஷியா வெகுநேரம் கழுவினாள். குழாய் சொட்டாமல் நன்றாகவே பூட்டிக்கொண்டது.

அதன் பிறகு நாட்கள் ஒரு மாதிரியாகப் போயின. மருந்துக்கடைப் பையன்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். மேலே வேலை செய்கிற மிஸ் எத்தனை மணிக்குப் போவார் என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனதாகப் பின்னர் சொன்னார்கள். கொட்டாஞ்சேனையில் வீட்டுக்காரி இராமலெட்சுமி, நல்ல மரியாதையான ஆளொருவர் வந்து, மேல் வீடு அடுத்த மாதம் காலியாகிறதாமே என்று விசாரித்தார் என்றாள். காலியாகவில்லையே என்று அனுஷியா சொன்னாள். அப்படித்தான் நானும் சொன்னேன், அவர் சிரித்துவிட்டுப் போனார் என்றாள் இராமலெட்சுமி.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து வந்த ஸவாஹிர் கதவைச் சாத்திவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தார். கூட்டத் திகதி போயா நாள் என்பதைத் தாரிகாவின் ஆட்கள் பிடித்துவிட்டார்கள். ஐரோப்பாவில் வாங்குகிறவரின் சட்டத்தரணி திங்களன்று காணொளியில் விசாரிக்கப்போகிறார். உதவிச் செயலாளரும் வர வேண்டுமாம். திகதி தட்டச்சுப் பிழை, கூட்டம் ஒன்பதாம் திகதி புதன்கிழமை நடந்தது என்று அனுஷியா ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

“மனுசன் மௌத்தாகிட்டார். அவருக்கு இனி ஒண்டும் வராது. உசுரோட அறுநூறு பேர் ஈக்கிறாங்க” என்றார். குரலில் அதட்டல் இல்லை.

அனுஷியா முதல்முறையாக அவருக்கு மறுத்துச் சொன்னாள். “அவருக்குப் பேரு இருக்கு சேர். அத நான் அழிச்சிட்டேன். இன்னொரு தரம் அழிக்க என்னால முடியாது.”

ஸவாஹிர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். கடிதம் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அடியில் அவளுடைய கையெழுத்து இருந்தது. மை கொஞ்சம் வெளிறியிருந்தது. அம்மாவைப் பார்க்கப் போன அவசரத்தில் போட்ட கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் நீண்டு இழுபட்டிருந்தது.

“நீங்க கையெழுத்து வெக்கத் தேவையில்ல, மகள். திங்கக்கிழம வந்து சும்மா இருந்தாப் போதும்” என்றார். “எனக்கும் வேற வழி வெக்கல்ல அவங்க.”

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பஸ்ஸில் இருக்கை கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். ஏமாற்றப்பட்டோம் என்று கோபப்படவும் அவளுக்கு வழியில்லை. மற்றவர்களின் வெள்ளைத்தாள்களில் எத்தனையோ தடவை அவளே மேலே தட்டச்சு செய்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே பின்பக்கம் போனாள். மயிலம்மா வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். அனுஷியா சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டாள். “அக்கா, அந்தக் கூட்டத்த எழுதுனது நான்தான்.” மயிலம்மாவின் கத்தி நின்றது. அவள் நிமிரவில்லை. அனுஷியா வெள்ளைத்தாள் கதையையும் சொல்லி முடித்தாள். மயிலம்மா மீனைச் சட்டியில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சனியும் ஞாயிறும் அந்தக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை ஸவாஹிரிடம் போகாமல், நுகேகொடையில் தாரிகாவின் கந்தோருக்கு அனுஷியா தனியாகத்தான் போனாள். உள்ளே போனபோது மயிலம்மா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்தக் கலண்டர் தாளோடு. அவள் பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள். அனுஷியா அதில் உட்கார்ந்தாள்.

திரையில் இரண்டு சதுரங்கள். ஒன்றில் வெளிநாட்டுச் சட்டத்தரணி, ஐம்பது வயதிருக்கும் பெண். மற்றதில் கம்பனியின் சட்டத்தரணியும் அவர் பக்கத்தில் ஸவாஹிரும். ஸவாஹிர் முன்னால் கூட்டறிக்கைப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அவற்றின் கீழே, அனுஷியாவுக்கு நன்றாகத் தெரிந்த மண்ணிறக் கோப்பு.

அந்தப் பெண் கடிதத்தைத் திரையில் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆம் என்றாள் அனுஷியா. கம்பனிச் சட்டத்தரணி லேசாகத் தலையசைத்தார். ஆனால் கடிதம் என்னுடையதில்லை, தாள் வெறுமையாக இருக்கும்போது போட்ட கையெழுத்து என்றாள். ஜூலை பத்திலும் கூட்டமில்லை, ஒன்பதிலும் கூட்டமில்லை, நான்கு கூட்டங்களையும் பெப்ரவரியில் ஒரே பிற்பகலில் நான் எழுதினேன் என்றாள். பத்தாம் திகதி சுடலைமுத்து என் குசினியில் இருந்தார், வால்வுக்காக மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் யாரும் கவனிக்கவில்லை என்று அன்றுதான் என்னிடம் சொன்னார் என்றாள். தாரிகா மயிலம்மாவின் காதில் சிங்களம் கலந்த தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். பிறகு, கம்பனிச் சட்டத்தரணி காத்திருந்த அந்தக் கேள்வியை அவளே கேட்டாள். இதற்கு முன்பும் இப்படி எழுதியிருக்கிறீர்களா?

இல்லை என்று சொன்னால் கம்பனிச் சட்டத்தரணி ஏதாவதொரு புத்தகத்தைத் திறந்து காட்டுவார். ஆமென்றால் அவள் சொன்ன எதையும் யாரும் நம்பத் தேவையில்லை.

“பத்தொன்பது வருடமாக” என்றாள்.

அப்படியானால் இன்றைக்குச் சொல்வதை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டாள் அந்தப் பெண். கேட்ட விதத்தில் கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“நம்ப வேண்டாம்” என்றாள் அனுஷியா. “ஸவாஹிர் சேர் முன்னால் இருக்கும் மண்ணிறக் கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நான் பத்துத் தாள் கொடுத்தேன். மிச்சம் அதில் இருக்கும்.”

ஸவாஹிரின் கை கோப்பின் மேல் போனது. திறக்கப் போனதா, மூடப் போனதா என்று அவளால் இன்றுவரை நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்திலிருந்தவரின் கை அந்தக் கையின் மேல் அமர்ந்தது. அந்தச் சதுரம் கறுத்துவிட்டது.

வெளிநாட்டுப் பெண் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். அவர்கள் தொடர்பைத் துண்டித்ததுகூட அறிக்கையில் வரும் என்றாள். நடக்காத கூட்டங்களை எழுதியவர் என்று உங்கள் பெயரும் அதில் முதலாவதாக வரும், அதன் பின் உங்கள் நாட்டுச் சட்டம் உங்களைத் தேடி வரலாம், விளங்குகிறதா என்றாள். விளங்குகிறது என்றாள் அனுஷியா. வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

“நான் சொன்னதற்கு இன்றைய திகதியைப் போடுங்கள்” என்றாள்.

வெளியே வந்தபோது தொலைபேசி அடித்தது. இராமலெட்சுமி. அந்த மரியாதையான ஆள் மறுபடியும் வந்திருக்கிறாராம், இந்தத் தடவை இன்னும் இரண்டு பேரோடு. வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் போவோமென்று மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார்களாம். அனுஷியா மயிலம்மாவிடம் அதைச் சொன்னாள்.

மயிலம்மா கலண்டர் தாளை மடித்து மடியில் செருகினாள். மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அனுஷியாவின் முகத்தைப் பார்த்தாள்.

“மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத” என்றாள். “வா, சேந்தே போவோம்.”

இரண்டு பேரும் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினார்கள்.